சனிக்கிழமை நடக்காத ஆட்டம்



மகள் வீட்டுக்கு வர்ஜீனியா வந்து மூன்று மாதம் ஆகிறது. "டீச்சர், அமெரிக்கா எப்படி இருக்கு, போட்டோ போடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போட்டோவுக்குப் பதில் ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்த சண்டை. பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

என் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. இங்குள்ள சிறுவர் லீகில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறான். நாம் ஃபுட்பால் என்று சொல்வது வேறு. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதி முன்னேறும் ஆட்டம். பக்கத்துக்குப் பதினோரு பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. மேலோட்டமாக இவ்வளவுதான். உள்ளே போனால் விதிகள் நம் நில அளவைச் சட்டம் மாதிரி போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டு வாரங்களுக்கு முந்தைய சனிக்கிழமை பேரனின் ஆட்டம் நடக்கவில்லை. மழை இல்லை, மைதானம் தயார், பிள்ளைகள் தயார். நடுவர்கள் வரவில்லை. வராமல் நிறுத்தியது நடுவர்கள் சங்கம். அந்தச் சங்கத்தின் செயலாளர் எங்கள் மாப்பிள்ளை.

"அப்பா, எங்க மேட்சை நிறுத்தினது நீங்கதானா?" என்று பேரன் சாப்பாட்டு மேஜையில் கேட்டான். மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. நான் பேரன் பக்கம் பேசினேன். முப்பத்துநான்கு வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். ஒரு பையன் செய்த தப்புக்கு வகுப்பு முழுவதையும் முட்டி போட வைப்பது எனக்குப் பிடிக்காது என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். "பெரியவங்க செஞ்ச தப்புக்குப் பிள்ளைங்க ஆட்டத்தை நிறுத்தறது என்ன நியாயம் மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டேன். அவர், "நீங்க சொல்றது சரிதான் அத்தை" என்று சொல்லி எழுந்து கைகழுவப் போய்விட்டார். சரி என்று சொல்லிவிட்டுப் போகிறவரிடம் மேற்கொண்டு எப்படி வாதாடுவது?

அந்த இரண்டு வாரத்தில் நான் பார்த்தது, கேட்டது, யோசித்தது எல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இன்று என் கருத்து அன்று மேஜையில் சொன்னது அல்ல.

முதலில் இந்த நடுவர்கள் யார் என்று சொல்கிறேன். டிவியில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு ஓடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் பெரும்பாலும் ஐந்து பேர் நிற்கிறார்கள். தலைமை நடுவருக்கு வெள்ளைத் தொப்பி, மற்றவர்களுக்குக் கறுப்பு. இடுப்பில் ஒரு மஞ்சள் துணி. தப்பைக் கண்டால் அதை வீசி எறிய வேண்டும். அதற்கு ஒரு கதை உண்டு. 1941 வரை தப்பு நடந்தால் ஊதுகுழலோ விசிலோ ஊதுவார்கள். கூட்டத்தின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. யங்ஸ்டவுன் கல்லூரியின் பயிற்சியாளர் டுவைட் பீடி என்பவர், கொடி வீசினால் எல்லோர் கண்ணிலும் படுமே என்று யோசித்தார். முதல் கொடியை அவர் மனைவி வீட்டில் கிடந்த பழைய துணியில் தைத்துக் கொடுத்தார். நடுவரின் தீர்ப்பு ஊருக்கே தெரியட்டும் என்று முதலில் நினைத்தவர் ஒரு அணியின் பயிற்சியாளர்! இன்று பயிற்சியாளர்கள் அந்தக் கொடியைப் பார்த்தாலே கத்துகிறார்கள்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. நடுவர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு ரப்பர் வளையம். முதல் முயற்சி என்றால் ஆள்காட்டி விரலில், இரண்டாவது என்றால் நடுவிரலில் என்று மாற்றி மாட்டிக்கொண்டே இருப்பார்கள். எண்ணிக்கை மறந்துவிடக் கூடாது என்பதற்காக. ஒன்றாம் வகுப்பில் விரல் விட்டு எண்ணாதே என்று யாரையாவது நான் அதட்டியிருந்தால் மன்னித்துவிடுங்கள்.

மாப்பிள்ளை ஒன்பது வருடத்துக்கு முன் ஆபீஸ் நண்பர் ஒருவர் இழுத்துப் போனதால் இதில் சேர்ந்தார். அப்போது அவருக்கு விதி ஒன்றும் தெரியாது. விதிப் புத்தகம் ஒன்று, அதோடு கேஸ் புக் என்று ஒன்று. நம் கணக்குப் புத்தகத்தில் சூத்திரத்துக்குப் பிறகு எடுத்துக்காட்டுக் கணக்கு வருமே, அந்த மாதிரி. "இப்படி நடந்தால் தீர்ப்பு என்ன" என்று நூற்றுக்கணக்கில். அதைப் படித்து, பதிவு செய்து, தேர்வு எழுதி, ஒவ்வொரு வருடமும் விதி மாற மாற மறுபடி படித்து நிற்கிறார். பகலில் கம்ப்யூட்டர் வேலை.

சங்கத்தில் எழுபது பேர் இருக்கிறார்கள். தபால்காரர், தீயணைப்பு வீரர், ஓய்வு பெற்ற ராணுவத்தார், வங்கிக்காரர், என்னைப் போல வாத்தியார்கள். ஆட்டத்துக்குக் கொஞ்சம் பணம் உண்டு. பெட்ரோலும் காலணியும் போக மிஞ்சுவது சொற்பம். சங்கத்தை நடத்துபவர்களுக்கு அதுவும் இல்லை. தலைவர், செயலாளர், பொருளாளர், பயிற்சி தருபவர் எல்லோரும் சும்மா செய்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தை இரவில் கேட்டு வாங்கி வகுப்பு நடத்துகிறார்கள். ஒருநாள் நானும் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த தலைகளில் பாதிக்கு மேல் நரை. "இளசுகளே இல்லையே மாப்பிள்ளை" என்றேன். "வர்றாங்க அத்தை. நிக்கறதில்லை" என்றார்.

சங்கம் நடத்துவது என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் ஒரு வியாழக்கிழமை இரவு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். வெள்ளி இரவு உயர்நிலைப் பள்ளி ஆட்டங்கள், சனி காலை சிறுவர் ஆட்டங்கள். எந்த மைதானத்துக்கு யார் என்று பட்டியல் ஒரு வாரம் முன்பே போயிருக்கும். வியாழன் இரவு எட்டு மணிக்கு மேல் போன் அடிக்கத் தொடங்கும். ஒருவருக்கு முதுகுப் பிடிப்பு. ஒருவருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். ஒருவருக்கு வேலையில் ஷிப்ட் மாறிவிட்டது. பந்தியில் இலை போட்ட பிறகு பரிமாற ஆள் இல்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி. மாப்பிள்ளை ஒரு கையில் சப்பாத்தியும் ஒரு கையில் போனுமாக, ஒவ்வொருவராகக் கெஞ்சிக்கொண்டிருப்பார். "ஒரு ஆட்டம் மட்டும், ப்ளீஸ்." இடி இடித்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். கடைசி இடியிலிருந்து முப்பது நிமிடம் மைதானத்தில் யாரும் இறங்கக் கூடாது. நடுவில் இன்னொரு இடி விழுந்தால் மறுபடி முப்பது. வீட்டுக்கு வர நள்ளிரவு.

ஆள் ஏன் இல்லை? இது ஒரு ஊரின் கதை அல்ல. அமெரிக்கா முழுவதற்கும் உயர்நிலைப் பள்ளி விளையாட்டு விதிகளை எழுதும் தேசியக் கூட்டமைப்பு சொன்ன கணக்கு: 2018-19 தொடங்கி மூன்று வருடங்களில், எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்துச் சுமார் 50,000 நடுவர்கள் விலகிவிட்டார்கள். கொரோனாவும் ஒரு காரணம். அது மட்டும் இல்லை. 2017இல் நடுவர்களின் தேசியச் சங்கம் 17,000 பேருக்கு மேல் கேட்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மைதானத்தில் யாரால் அதிகத் தொல்லை என்ற கேள்விக்கு, பயிற்சியாளரையும் விளையாடுபவரையும் தாண்டி முதலிடத்தில் வந்தவர்கள் பெற்றோர்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அதற்கு முந்தைய வாரம் பேரனின் அணி ஆடிய ஆட்டத்தில் புதிய நடுவர் ஒருவர். பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவர். அது அவருக்கு நான்காவது ஆட்டமோ ஐந்தாவதோ. கடைசி நிமிடத்தில் நம் பக்கத்துப் பையன் பந்தோடு ஓடி எல்லையைத் தொட்டான். எல்லோரும் குதித்தோம். திரும்பிப் பார்த்தால் புல்லில் மஞ்சள் துணி. எதிராளியைக் கையால் பிடித்து நிறுத்தினார்களாம், பத்து கெஜம் தண்டனை, எடுத்த புள்ளி செல்லாது. தோற்றுப் போனோம்.

ஒரு தகப்பன் கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் பின்னாலேயே கார் நிறுத்துமிடம் வரை போனார். கார் முன்பக்கத்தைக் கையால் அடித்தார். போனில் படம் எடுத்து, பையன் முகம் தெரிய, கேவலமான வார்த்தைகளோடு ஊர்க் குழுவில் போட்டார். அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் முதல்நாள் மைதானத்துக்குப் போனபோது எனக்கு நாற்காலி விரித்துப் போட்டவர் அவர்தான். பிள்ளைகளுக்கெல்லாம் ஆரஞ்சுப் பழம் வெட்டி எடுத்து வருபவர்.

மறுநாள் அந்தக் கல்லூரிப் பையன் மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். "அடுத்த வாரம் என் பெயரைப் போட வேண்டாம்" என்று மட்டும் சொன்னாராம்.

சங்கத்தின் குழு கூடியது. மூன்று நிபந்தனை. அந்தத் தகப்பன் இந்தப் பருவம் முழுவதும் மைதானத்துக்கு வரக் கூடாது. படத்தை நீக்க வேண்டும். ஒவ்வொரு மைதானத்திலும் பொறுப்பான ஒருவர் நடுவர்களைக் கார் வரை கூட்டிப் போய் விட வேண்டும். எழுத்தில் வரும்வரை அந்த மைதானத்துக்கு ஆள் அனுப்புவதில்லை. சொந்த மகன் ஆடும் அணி என்பதால் மாப்பிள்ளை ஓட்டுப் போடவில்லை, வெளியே போய் நின்றிருக்கிறார். ஆனால் செயலாளர் என்பதால் லீகுக்குக் கடிதம் எழுத வேண்டியவர் அவர்தான். அன்று இரவு ஒரு மணி வரை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார்.

என் கேள்விக்கு வருகிறேன். ஒருவர் தப்புக்கு நாற்பது பிள்ளைகளைத் தண்டிக்கலாமா? கூடாது என்றுதான் இன்றும் சொல்வேன். நான் தவறியது, நடந்ததைத் தண்டனை என்று எடுத்துக்கொண்ட இடத்தில். நம் ஊரில் கிணறு தூர் வாருகிறவர், உள்ளே விஷவாயு இருக்கிறது என்றால் இறங்க மாட்டேன் என்பார். அதை ஊருக்குத் தண்டனை என்று யாராவது சொல்வோமா? வாயுவை வெளியேற்று, இறங்குகிறேன் என்கிறார். ஆட்டம் நடக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. அந்த ஆசைக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையைத் தனியாகக் கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை. அந்த நடுவரும் பிள்ளைதான். பத்தொன்பது வயது. உங்களில் பலரை நான் பார்த்தது அந்த வயதுக்கும் முன்னால்.

சரி, வேறு யாரையாவது பிடித்து அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். 2012இல் இந்த நாட்டின் மிகப் பெரிய லீகான என்.எஃப்.எல். அப்படிச் செய்து பார்த்தது. நடுவர்களோடு ஒப்பந்தத் தகராறு வந்தபோது அனுபவசாலிகளை வெளியே நிறுத்திவிட்டுக் கீழ்மட்ட ஆட்டங்களிலிருந்து ஆட்களை இறக்கியது. செப்டம்பர் 24 அன்று சியாட்டிலில் நடந்த ஆட்டத்தின் கடைசிப் பந்தில், பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு நடுவர்கள் இரண்டு விதமாகக் கைகாட்டினார்கள். நாடே பார்த்தது. இரண்டு நாளில் பழைய நடுவர்களோடு சமரசம் ஆகிவிட்டது. பணம் கொழிக்கும் இடத்திலேயே நடுவரை ஒரே நாளில் உண்டாக்க முடியவில்லை. சனிக்கிழமை காலைப் புல்வெளியில் முடியுமா?

ஆனால் மாப்பிள்ளையிடமும் ஒன்றைச் சொன்னேன். சங்கத்தின் மீதும் தப்பு இருக்கிறது. பழைய ஆட்களுக்கு வெள்ளி இரவு ஆட்டம், விளக்கு, பாண்டு வாத்தியம், மரியாதை. புது ஆட்களுக்குச் சனிக்கிழமைச் சிறுவர் ஆட்டம். அங்கேதான் பெற்றோர் கயிற்றுக்கு இரண்டடி பின்னால் நிற்கிறார்கள். அங்கேதான் போலீஸும் இல்லை, தலைமையாசிரியரும் இல்லை. நீச்சல் தெரியாதவனை ஆழத்தில் இறக்கிவிட்டுத் தெரிந்தவன் கரையோரம் குளிப்பது மாதிரி இருக்கிறது இது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் எட்டாம் வகுப்பு 'டி' பிரிவைக் கொடுத்தார்கள். எழுபத்திரண்டு பிள்ளைகள். ஆசிரியர் பயிற்சியில் படித்த எதுவும் அங்கே உதவவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்த மூத்த டீச்சர் ஒருவர் தினமும் ஒருமுறை சும்மா வந்து வாசலில் நின்றுவிட்டுப் போவார். ஒன்றும் பேச மாட்டார். அவர் வந்து நின்றதால்தான் நான் அந்த வருடத்தைத் தாண்டினேன்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொரு மைதானத்திலும் ஒரு மூத்தவர் நிற்கணும். சட்டை போட்டு ஓட வேண்டாம். நின்றால் போதும்" என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். "வெள்ளி ராத்திரி வீட்டுக்கு வரவே பன்னிரண்டு மணி ஆகும் அத்தை. சனிக்கிழமை காலையில எழுந்து வரச் சொன்னா யார் வருவாங்க?" என்றார். "நீங்க வருவீங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இந்த விஷயத்தை அடுத்த கூட்டத்தில் வைக்கப் போகிறார்.

சாரா தாமஸ் என்று ஒரு பெண்மணி. 1996இல் மிசிசிப்பியில் இப்படிப்பட்ட ஒரு உள்ளூர் நடுவர் சங்கக் கூட்டத்துக்கு அண்ணனோடு போய் உட்கார்ந்தார். 2015இல் என்.எஃப்.எல்.லின் முதல் நிரந்தரப் பெண் நடுவர் ஆனார். 2021இல் சூப்பர் பவுலில் நின்றார். ஜிம் டன்னி என்பவர் லாஸ் ஏஞ்சலஸில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். வார நாளில் பள்ளி, ஞாயிறு என்.எஃப்.எல். நடுவர், 1960 முதல் 31 பருவங்கள். இவர்களும் ஏதோ ஒரு சின்ன மைதானத்தில் முதல் விசிலை ஊதியவர்கள்தான். அன்றைக்கு யாராவது கார் வரை துரத்தியிருந்தால் இரண்டாவது விசில் ஊதியிருப்பார்களா?

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இரண்டு நாளாகத் தயங்கினேன்.

1994ஆம் வருடக் குறுவட்டப் போட்டி, கபடி. அன்று என்னோடு வந்த பையன்களில் பலர் இதைப் படிப்பீர்கள். நடுவராக நின்றவர் தற்காலிக உடற்பயிற்சி ஆசிரியர், இருபத்திரண்டு வயதிருக்கும். ரெய்டு போய்த் திரும்பிய நம் பையன் எல்லைக் கோட்டுக்கு வெளியே கால் வைத்துவிட்டான் என்று விசில் அடித்தார். நான் எழுந்து, "கண்ணு தெரியலையா? எவ்வளவு வாங்கினீங்க?" என்று கத்தினேன். டீச்சரே கத்தினால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? நீங்களும் கத்தினீர்கள். அவர் சைக்கிளில் ஏறிப் போகும்போது யாரோ மண்ணை அள்ளி வீசினீர்கள். நான் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருடப் போட்டியில் அவர் மேஜையில் உட்கார்ந்து புள்ளி எழுதிக்கொண்டிருந்தார். நடுவராக நிற்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டார் என்று சொன்னார்கள். ஆட்டம் முடிந்து உங்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிய பிறகு நான் அந்தக் கோட்டைப் போய்ப் பார்த்தேன் என்பது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நான்கு விரல் அகலத்தில் குதிகால் தடம் இருந்தது. அவர் சொன்னது சரி. முப்பது வருடத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், பெயரை இங்கே எழுத வேண்டாம். நான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

எனவே பிள்ளைகளே, டீச்சர் வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் எந்த ஊரில் எந்த ஆட்டம் ஆடினாலும் சரி, நடுவரைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். தீர்ப்பு தப்பாகவே இருந்தாலும் அதைச் சொல்லும் முறை பயிற்சியாளருக்குத் தெரியும், உங்களுக்கு அந்த வேலை இல்லை. பக்கத்தில் ஒருவர் கத்தினால் அவர் தோளில் கை வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் நடுவரிடம் போய் நன்றி சொல்லுங்கள், உங்கள் பிள்ளை பார்க்கும்படி. முடிந்தவர்கள் விசிலை எடுத்து நீங்களே நில்லுங்கள்.

லீகிலிருந்து கடிதம் வந்துவிட்டது. நின்றுபோன ஆட்டம் இந்தச் சனிக்கிழமை நடந்தது. படத்தை நீக்கிவிட்டார்கள். அந்தத் தகப்பன் வரவில்லை, ஆரஞ்சுப் பழத்தை அவர் மனைவி கொண்டு வந்தார். நானே போய் வாங்கிக்கொண்டேன். ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் மூன்று பேரிடமும் என் இங்கிலீஷில் நன்றி சொன்னேன். பேரன் கூச்சத்தோடு பின்னால் நின்றான், பிறகு அவனும் கை நீட்டினான்.

அந்தக் கல்லூரிப் பையன் இன்னும் திரும்பி வரவில்லை. மாப்பிள்ளை ஒவ்வொரு வியாழனும் அவருக்குப் போன் செய்கிறார். பட்டியலைப் பற்றிப் பேசுவதில்லை. படிப்பு எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்.

எல்லோரும் நலமாக இருங்கள். பின்னூட்டத்தில் 1994 கபடி அணி ஒருமுறை கை தூக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு டீச்சர்